யார் அந்த அனுபவசாலி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவோருக்கான சிறப்புப் பகுதியில் சமையலறை அலமாரிக்கு நான்கு பக்கம் ஒதுக்கிய தாங்கள், செப்டிக் டேங்குக்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "அனுபவமுள்ள கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்துவிட்டால் கவலையில்லை." ஒரு வரியாவது கிடைத்ததே என்று சந்தோஷப்படலாம்தான். ஆனால் அந்த ஒரு வரியும் தப்பு.

தொட்டியைக் கட்டி, ஸ்லாப் போட்டு மூடி, பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் அந்த மூடியை மறுபடி திறப்பதே இல்லை. உள்ளே இருக்கும் கோளாறு வெளியே தெரியச் சில வருஷம் ஆகும். அதைப் பார்க்கிறவர் கழிவு எடுக்க வரும் லாரிக்காரர். ஆக, காலமெல்லாம் ஒரே தப்பைச் செய்துவிட்டும் ஒருவர் அனுபவசாலி என்று பெயர் வாங்கலாம். விசாரிப்பதாக இருந்தால் லாரிக்காரரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். யார் கட்டிய தொட்டி அடிக்கடி பொங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

விவரம் தெரிந்தவரை அவர் கேட்கும் கேள்வியிலேயே கண்டுகொள்ளலாம். வீட்டில் எத்தனை பேர், குளிக்கிற, துவைக்கிற தண்ணீரும் இதிலேயே விழுமா, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே ஏறும், கிணறு எந்தப் பக்கம்? இதில் ஒன்றையும் கேட்காமல் நீள அகலம் சொல்லி ரேட் பேசுகிறவர் வேண்டாம். தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி வரும் இடத்தில் சிறு குழி தோண்டி, முந்தின நாளே தண்ணீர் விட்டு மண்ணை ஊறவைத்து, மறுநாள் மீண்டும் ஊற்றி, மட்டம் என்ன வேகத்தில் இறங்குகிறது என்று அளக்க வேண்டும். களிமண்ணுக்கும் மணலுக்கும் ஒரே அளவு சொல்கிறவர் ஜோசியம்தான் சொல்கிறார்.

தொட்டியில் கனமானது அடியில் மண்டியாகப் படியும், எண்ணெய்ப் பிசுக்கு ஏடாக மிதக்கும். நடுவில் இருக்கும் தெளிந்த நீர் மட்டுமே வெளியேற வேண்டும். வெளிக்குழாயில் T வடிவ இணைப்பான 'டி' மாட்டி, நீரின் ஆழத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை கீழே இறக்குவது அதற்காகத்தான். அந்த ஒரு டி-யை மிச்சம் பிடித்தால் ஏடு நேராக உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் தொட்டியை எத்தனை முறை காலி செய்தாலும் குழி தண்ணீரை இழுக்காது. வெளிக்குழாய் உள்குழாயைவிட 5 முதல் 7.5 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு அறை என்றால் முதல் அறைக்கு மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு, ஒவ்வொன்றுக்கும் தனி மூடி. கட்டி முடித்ததும் நீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்க மட்டம் குறைகிறதா என்று பார்த்த பிறகே சுற்றிலும் மண் தள்ளலாம். "அடியில் கான்கிரீட் போடாமல் விடுங்கள், நிரம்பவே நிரம்பாது" என்று யோசனை சொல்லும் மேதைகளும் உண்டு. நிரம்பாதுதான். எல்லாம் கிணற்றுக்குப் போனால் எப்படி நிரம்பும்?

இது தங்களுக்கு முதல் தடவையும் அல்ல. முன்பு ஒரு துணுக்கில் ஈஸ்ட் கரைத்து ஊற்றினால் தொட்டியைச் சுத்தம் செய்யவே வேண்டாம் என்றீர்கள். கழிவிலேயே தேவையான பாக்டீரியா இருக்கிறது. எதை ஊற்றினாலும் மண்டி மாயமாகாது. மண்டியும் ஏடும் சேர்ந்து கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் எடுத்தே ஆக வேண்டும். இன்னொரு இதழில் மொட்டைமாடி மழைநீர்க் குழாயைத் தொட்டியில் இணைத்து வரைபடம் போட்டீர்கள். ஒரு பெருமழை போதும், மண்டி மொத்தமும் கலங்கி உறிஞ்சு குழிக்குப் போய்விடும். அதற்கு எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை. திரைச்சீலைக்கு இடம் தேவைப்பட்டிருக்கும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பழைய தொட்டிக்குள் ஒரு தொழிலாளி இடுப்பளவு இறங்கி நிற்கும் புகைப்படத்துக்கு "பராமரிப்பு அவசியம்" என்று தலைப்புக் கொடுத்தீர்களே, அதைப் பொறுக்க முடியாது. தொட்டிக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு அதிகமானால் மூக்குக்கு வாசனையே தெரியாது, ஆள் மயங்கி விழுவதுதான் தெரியும். ஆளை உள்ளே இறக்குகிற கான்ட்ராக்டர் எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

அடுத்த இதழில் கால் பக்கம் தாருங்கள். தொட்டியின் குறுக்குவெட்டுப் படம், அதில் இரண்டு குழாய்களின் மட்டம், டி இறங்கும் ஆழம், மூடிகளின் இடம். கறுப்பு வெள்ளையில் இருந்தாலே போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்