லாச்சப்பல் தண்டவாளங்களைப் பற்றி மகளுக்கு

யாழ்ப்பாணம்
06.04.2025

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறோம்.

சென்ற மாதம் 7ஆம் திகதி காலையில் நீ தொலைபேசியில் அழைத்து, பாரிசின் வடக்கு ரயில் நிலையமான கார் து நோரில் ஒரு ரயிலும் ஓடவில்லை என்றும், சென்-டெனிப் பக்கத்தில் பாதை வேலை செய்தவர்கள் தண்டவாளத்துக்கு அருகே பழைய குண்டு ஒன்றைக் கண்டெடுத்ததால் வேலைக்குப் போக வழியில்லாமல் நிற்கிறாய் என்றும் சொன்னாய். அந்தக் குண்டு 500 கிலோ எடை என்றும், அதில் 200 கிலோ வெடிமருந்து என்றும் இரவுச் செய்தியில் பார்த்தேன். பிரான்சை மீட்க வந்த ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பாரிஸ் சனங்களின் தலையில் ஏன் குண்டு போட்டார்கள் என்று அன்று நீ கேட்டாய். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட என்னால் முடியவில்லை. ரயில்வே யாட்டில் போர்மனாக வேலை பார்த்த ஒருவனுக்கு அந்தக் கேள்வி மற்றவர்களை விடச் சற்று ஆழமாகவே தைக்கும். ஆகையால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

முதலில் யாட் என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் அது விசிறி போல விரிந்து மறுபடியும் ஒடுங்கும் கோடுகளின் கூட்டம். வேலை செய்பவனுக்கோ அது ஓர் ஊர். நாலா பக்கத்திலிருந்தும் வரும் சரக்கு ரயில்களைப் பெட்டி பெட்டியாகக் கழற்றி, போக வேண்டிய இடத்தின்படி புதிதாகக் கோத்து அனுப்பும் இடம் அது. அங்கே எஞ்சின் செட் இருக்கும், நீர்த்தொட்டியும் நிலக்கரிக் குவியலும் இருக்கும், எஞ்சினைத் திருப்பும் வட்டமேடையும் சிக்னல் கூடும் திருத்த வேலைத்தலமும் இருக்கும். வேலைக்காரர்கள் இரவு பகலாக மாறி மாறி வரவேண்டியிருப்பதால் அவர்களுடைய வீடுகளும் பக்கத்திலேயே இருக்கும். நீ பிறந்து ஆறு வயது வரை வளர்ந்த காங்கேசன்துறைக் குவாட்டர்ஸ் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. சீமெந்து ஆலைக்கான வெற்றுப் பெட்டிகளைத் தள்ளிவிடும்போது அவை ஒன்றோடொன்று மோதும் சத்தத்தில் அடுக்களை அலுமாரியின் கோப்பைகள் ஆடும். அந்தச் சத்தம் நின்றால்தான் நீ தொட்டிலில் விழித்து அழுவாய்.

1944ஆம் ஆண்டு தொடக்கத்தில் நோர்மண்டிக் கரையில் இறங்குவதற்கு ஆயத்தம் செய்த நேச நாட்டுத் தளபதிகளுக்கு இருந்த பெரிய பயம், கரையில் இறங்கும் படை காலூன்றுவதற்கு முன்னரே ஜெர்மானியர் ரயிலில் படைகளைக் கொண்டுவந்து குவித்துவிடுவார்கள் என்பதுதான். சொலி சுக்கர்மன் என்ற விஞ்ஞானி, போருக்கு முன்னர் குரங்குகளைப் பற்றி ஆராய்ந்தவர், சிசிலியிலும் தென் இத்தாலியிலும் நடந்த குண்டுவீச்சின் விளைவுகளைக் கணக்கெடுத்துப் பார்த்து, தண்டவாளத்தை அறுப்பதில் பயனில்லை, எஞ்சின்களைத் திருத்தும் இடங்களையும் பெரிய யாட்டுகளையும் அழித்தால்தான் ரயில்வே முழுவதும் முடங்கும் என்று சொன்னார். உண்மையும் அதுதான். தண்டவாளம் உடைந்தால் நாங்கள் ஒரே இரவில் மாற்றிவிடுவோம், ஆனால் வேலைத்தலம் எரிந்துபோனால் பழுதான எஞ்சினைக் கொண்டுபோக இடமில்லை. விமானப் படைத் தளபதி டெடர் அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டார். அமெரிக்கத் தளபதி ஸ்பாட்ஸ் ஏற்கவில்லை; ஜெர்மனியின் எண்ணெய் ஆலைகளைத் தாக்குவதே மேல் என்று அவர் வாதாடினார். மார்ச் 25ஆம் திகதி நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் டெடரின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஏறக்குறைய எண்பது ரயில் மையங்கள் பட்டியலில் ஏறின.

அந்தத் தீர்ப்புக்கு முன்னரே ஒரு பரீட்சை நடந்திருந்தது. மார்ச் 6ஆம் திகதி இரவு 260க்கும் மேற்பட்ட ஹலிபக்ஸ் குண்டுவீச்சு விமானங்கள் பாரிசுக்கு மேற்கே உள்ள திராப் யாட்டைத் தாக்கின. ஒரு விமானம்கூட விழவில்லை, யாட் ஒரு மாதத்துக்கு மேல் செயலற்றுக் கிடந்தது. பெரிய நகரங்களை இரவில் எரிப்பதற்கென்று பழக்கப்பட்ட விமானங்களால் ஒரு சிறிய இலக்கையும் குறிவைக்க முடியும் என்று அப்போதுதான் மேலிடத்துக்கு நம்பிக்கை வந்தது.

மகளே, இந்த விடயத்தில் என்னை அதிகம் உறுத்தியது, சாகப்போகிறவர்களை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தார்கள் என்பதுதான். பிரெஞ்சுப் பொதுமக்களில் 80,000 முதல் 160,000 பேர் வரை பாதிக்கப்படலாம் என்று ஒரு மதிப்பீடு லண்டனில் அமைச்சரவைக்குப் போயிருந்தது. சேர்ச்சில் கலங்கினார். பிரெஞ்சு மக்கள் இதை ஒருபோதும் மன்னிக்க மாட்டார்கள் என்று அஞ்சி, இறப்பு 10,000ஐத் தாண்டக் கூடாது என்று ஓர் எல்லை வைத்தார், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்டுக்கும் எழுதினார். களத்தில் நிற்கும் தளபதிகளின் கையைக் கட்ட மாட்டேன் என்று மே 11ஆம் திகதி ரூஸ்வெல்ட் பதில் அனுப்பினார். லண்டனில் இருந்த பிரெஞ்சுத் தளபதி கேனிக்கிடம் கேட்டபோது, ஜெர்மானியரிடமிருந்து விடுபடுவதற்காக இதைப் போல இரண்டு மடங்கு இழப்பையும் தாங்கிக்கொள்வோம் என்ற கருத்தில் பதில் சொன்னார். அவர் மனதில் என்ன வேதனை இருந்ததோ, நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பதிலை லீல் நகரத்தில் யாட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவனிடம் யாரும் கேட்கவில்லை.

லீலுக்கு அருகே லொம் என்ற இடத்தில் லா தெலிவ்ரான்ஸ் என்ற பெரிய யாட் இருந்தது. அதன் ஓரத்தில் முதலாம் உலகப் போருக்குப் பிறகு வடக்கு ரயில்வே கொம்பனி தன் வேலைக்காரர்களுக்காக, வீட்டுக்கு ஒரு தோட்டம் வைத்து, ஒரு குடியிருப்பையே கட்டியிருந்தது. எங்கள் குவாட்டர்ஸைப் போல, ஆனால் நூற்றுக்கணக்கில். ஏப்ரல் 9ஆம் திகதி இரவு 239 விமானங்கள் வந்தன. யாட்டில் நின்ற 2,959 சரக்குப் பெட்டிகளில் 2,124 அழிந்தன என்பது ஒரு கணக்கு. 456 பேர் இறந்தார்கள் என்பது இன்னொரு கணக்கு. அவர்களில் பெரும்பாலானோர் லொம் பகுதியில் வாழ்ந்தவர்கள். அன்று ஈஸ்டர் ஞாயிறு. பெட்டிகளையும் மனிதரையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதியிருப்பதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் போய் இருந்தேன்.

ஏப்ரல் 18ஆம் திகதி இரவு பாரிசின் புறநகரான நுவாசி-லெ-செக்கில் 464 பேர் இறந்தார்கள். உன் வீட்டிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பது உனக்கே தெரியும். அதற்கு இரண்டு நாள் கழித்து, 20ஆம் திகதி நள்ளிரவில், பாரிசின் வடக்கில் உள்ள லாச்சப்பல் யாட்டின் முறை வந்தது. 247 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களும் 22 சிறிய மொஸ்கிட்டோ விமானங்களும் வந்தன. ஓபோ என்ற முறையில், இங்கிலாந்தில் இருந்த இரண்டு நிலையங்களிலிருந்து வரும் வானொலி அலைகளை வைத்துத் தூரத்தைக் கணித்து, உயரத்தில் பறந்த மொஸ்கிட்டோக்கள் முதலில் அடையாள விளக்குகளைப் போட்டன. பிறகு வேறு மொஸ்கிட்டோக்கள் தாழப் பறந்து இலக்கை இன்னும் நுணுக்கமாகக் குறித்தன. குண்டுவீச்சை இரண்டாகப் பிரித்து, ஒரு மணி நேர இடைவெளி விட்டு, யாட்டின் வெவ்வேறு பகுதிகளைத் தாக்கினார்கள். முதல் தாக்குதல் ஓய்ந்ததும் இடிபாடுகளில் உறவினரைத் தேட வெளியே வந்தவர்களின் நிலையை நினைத்துப் பார். குண்டுகள் மிகவும் செறிவாக விழுந்தன என்று விமானப் படை திருப்தியடைந்தது. ஆனால் பாரிஸ் 18ஆம் வட்டாரத்திலும் சென்-டெனியிலும் சென்-துவெனிலும் 600க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மொம்மார்த் குன்றில் உள்ள சக்ரே-கேர் தேவாலயத்தைச் சுற்றியும் குண்டுகள் விழுந்து கண்ணாடி ஓவியங்கள் நொறுங்கின. ஏப்ரல் 26ஆம் திகதி அப்போதைய பிரெஞ்சு அரசின் தலைவர் பெத்தான் பாரிசுக்கு வந்து நோத்ர்-தாமில் இறந்தவர்களுக்கான பூசையில் கலந்துகொண்டார். ஜெர்மானியருக்கு ஏவல் செய்தவருக்கு அந்தச் சாவுகள் பிரசாரத்துக்கு உதவின.

நான் உங்களிடம் வந்திருந்தபோது மார்க்ஸ் டோர்முவா நிலையத்துக்கு அருகே, தண்டவாளங்களுக்கு மேலாகச் செல்லும் பாலத்தில் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு ரயில்களை எண்ணிக்கொண்டு நின்றேனே, அந்த இடம்தான் இது. மரக்கறி வாங்கப் போன கடைத்தெருவும், பிள்ளையார் தேர் ஓடும் வீதிகளும் இந்த யாட்டின் அயலில்தான் இருக்கின்றன. அப்போது எனக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பாலத்தில் இன்னும் சிறிது நேரம் நின்றிருப்பேன்.

மேலே பறந்தவர்களைப் பற்றியும் நீ அறிந்திருக்க வேண்டும். ஒரு லங்காஸ்டரில் ஏழு பேர், பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். முப்பது தாக்குதல் முடித்தால்தான் அவர்களுக்கு ஓய்வு. பிரான்ஸ் பக்கத்தில் இருக்கிறது, ஆபத்துக் குறைவு என்று சொல்லி, அங்கே போய் வருவதை மூன்றில் ஒரு தாக்குதலாகத்தான் கணக்கில் வைத்தார்கள். மே 3ஆம் திகதி இரவு மையி-லெ-கான் இராணுவ முகாமைத் தாக்கப் போன லங்காஸ்டர்களில் 42 திரும்பி வரவில்லை. அதன் பிறகே அந்த அநியாயமான கணக்கைக் கைவிட்டார்கள். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறக்குறைய 125,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். அவர்களைப் பெற்றவர்களும் என்னைப் போலக் கடிதம் எழுதிக்கொண்டு இருந்தவர்கள்தானே.

அமெரிக்கர் பகலில் வந்தார்கள், அவர்கள் அதிகம் தேடியது விமானத் தளங்களை. 1943இல் பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14இலேயே லெ பூர்ஜேயையும் வில்லாகுப்ளேயையும் தாக்கினார்கள், 1944 மே மாதத்தில் ஓர்லியையும் தாக்கினார்கள். ஓடுபாதையில் விழுந்த குழியைச் சீக்கிரம் மூடிவிடலாம் என்பதால் விமானக் கொட்டகைகளும் திருத்த வேலைத்தலங்களுமே அங்கும் முக்கிய இலக்கு. விமானத் தளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பது எப்படிப்பட்டது என்று பலாலியைச் சுற்றியிருந்த எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. அந்தப் பலாலித் தளத்தை முதலில் அமைத்ததும் அதே போர்க்காலத்து பிரித்தானிய விமானப் படைதான்.

இவ்வளவு சாவுக்கும் பலன் இருந்ததா என்று நீ கேட்பாய். இருந்தது. ஜூன் மாதத்தில் ஜெர்மானியப் படைகள் நோர்மண்டிக்கு வரப் பட்ட பாடு உண்மை. ஆனால் ரயில்வேக்காரனாக எனக்கு ஒரு மறுப்பு உண்டு. மே 7ஆம் திகதி சிறிய தண்டர்போல்ட் விமானங்கள் ஒரு சில வேர்னோன் என்ற இடத்தில் செய்ன் ஆற்றின் ரயில் பாலத்தை மிகக் குறைந்த குண்டுகளால் வீழ்த்திக் காட்டின. தரையிறக்கத்துக்கு முன்னர் பாரிசுக்கும் கடலுக்கும் இடையே செய்ன் மீதிருந்த ரயில் பாலங்கள் எல்லாவற்றையும் அறுத்துவிட்டார்கள். பாலம் பெரும்பாலும் ஊருக்குப் புறம்பாக, ஆற்றின் மேல் நிற்கிறது. யாட் ஊருக்கு நடுவில் கிடக்கிறது. அந்தப் பரீட்சையை மார்ச்சிலேயே செய்து பார்த்திருந்தால் லொம், நுவாசி, லாச்சப்பல் என்ற பெயர்களில் சிலவாவது பட்டியலிலிருந்து நீங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன். படித்தவர்கள் பலர் இதற்கு எதிராகவும் வாதாடுவார்கள். எனது எண்ணம் இது.

1991இல் நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த வீட்டின் பின்வளவில் வெட்டிய பங்கர் உனக்கு நினைவிருக்கும். ரயில் நின்றுபோய் ஒரு வருடம். பாதையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த சிலிப்பர் கட்டைகளை மேலே அடுக்கி, பனங்குற்றியும் மண்மூடையும் போட்டிருந்தோம். பொம்மர் சுற்றும்போது நீ என் மடியில் இருந்து, ஆணி கழற்றிய துளைகளுக்குள் விரலை விட்டு விட்டு எடுப்பாய். எத்தனை துளை என்று எண்ணச் சொல்வேன், நீ எண்ணுவாய். அந்தக் கட்டைகளில் எண்ணெய் மணம் இன்னும் இருந்தது. ரயிலைத் தாங்கிய கட்டை எங்களைத் தாங்குகிறதே என்று அன்று நினைத்தேன். நுவாசியிலும் லொம்மிலும் அந்த மணத்தோடு வீட்டுக்கு வந்த தகப்பன்மார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

2014இல் யாழ்தேவி மறுபடியும் வந்த நாளில் நான் ஸ்டேசனுக்குப் போனதை அம்மா உனக்குச் சொல்லியிருப்பா. புதுப் பாதையில் சீமெந்துக் கட்டைகள்தான்.

இந்த 20ஆம் திகதி இரவோடு லாச்சப்பல் தாக்குதலுக்கு 81 வருடங்கள் நிறைகின்றன. நாள் வேலை முடிந்து வரும் வழியில், முடிந்தால், பேரனையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாலத்துக்குப் போ. இன்னும் ஒன்று: சென்-டெனியில் அந்தக் குண்டைக் கண்டவர்கள் அதிகாலை நான்கு மணிக்கு வேலையில் நின்ற தொழிலாளர்கள் என்று செய்தியில் சொன்னார்கள். மண்ணைக் கிளறிய அந்த மனிதருக்கு ஒரு கீறலும் படவில்லை என்பதை நீ அங்கே யாரிடமாவது விசாரித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா