சரசு, அந்தக் காந்தப் பெட்டி

அம்மாப்பேட்டை, சேலம்
புரட்டாசி, சனிக்கிழமை

அன்புள்ள சரசு,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி தேவலையா? ஏற்காட்டு மலைமேல் குளிர் தொடங்குவதற்குள் ஒருமுறை கீழே வந்து டாக்டரிடம் காட்டிவிட்டுப் போ. தங்கச்சி மகளுக்குத் தை மாதம் நாள் பார்த்திருக்கிறார்கள், பத்திரிகை வரும். தார்க்குச்சி சித்தப்பாவைப் போன வாரம் லீ பஜாரில் பார்த்தேன். உன்னைக் கேட்டார். கடன் பாக்கியையும் கேட்டார்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆடிப் பண்டிகைக்கு வந்தபோது பாப்பாவுக்கு ஒரு காந்தப் பலகைப் பெட்டி, ஓரத்தில் காந்தம் வைத்து ஒன்றோடொன்று ஒட்டும் பிளாஸ்டிக் பலகைகள், கொண்டுவந்தாயே, அதில் அவள் விளையாடுகிறாளா என்று போனில் மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் ஆமாம் என்றேன். அது பொய், சரசு. நீ வந்துபோன பத்தாம் நாளே அதை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன். உன்னிடம் இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. ஆசை ஆசையாய் நீ சுமந்துகொண்டு வந்த சாமான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாலை பாப்பா கோபுரம் கட்டிக்கொண்டிருந்தாள். சரிந்து விழுந்ததில் ஒரு பலகை மூலையில் பிளந்துவிட்டது. நான் அடுக்களையில் இருந்தேன். வந்து பார்த்தால் பலகையின் இரண்டு பக்கம் காலி. மிளகை விடக் கொஞ்சம் பெரிய காந்தம் ஒன்று தரையில் கிடந்தது, இன்னொன்றைக் காணோம். பக்கத்திலேயே அவள் தம்பி சின்னவன் உட்கார்ந்திருந்தான், வாயில் எதையோ மென்றுகொண்டு. அவனுக்குப் பதின்மூன்று மாதம். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். விரலைவிட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. விழுங்கிவிட்டானோ? எனக்குக் கைகால் ஓடவில்லை.

இது புளியங்கொட்டை மாதிரி தானாக வெளியே வந்துவிடும் சமாசாரம் இல்லை, சரசு. இரண்டு காந்தம் வெவ்வேறு நேரத்தில் உள்ளே போனால், குடலின் இரண்டு மடிப்பில் நின்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும். நடுவில் மாட்டிய குடல் சுவர் நசுங்கி ஓட்டையாகிவிடும். முதலில் வெறும் வயிற்று வலி, வாந்தி மாதிரிதான் தெரியுமாம். அதனால் சந்தேகம் வந்தாலே காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். என் மகன் பெரியவனும் மருமகளும் அப்படியே ஓடினார்கள். நான் வீட்டில் நின்று தேடினேன். பாப்பாதான் வழி சொன்னாள்: "பாட்டி, இன்னொரு பலகையைக் கயித்துல கட்டித் தரையில இழு, அதுவே புடிச்சுக்கும்." இழுத்தோம். கட்டிலுக்கு அடியில் இரண்டு குண்டூசியும் ஒரு தையல் ஊசியும் வந்தன, காந்தம் வரவில்லை. ஒன்றரை மணி நேரம். கடைசியில் என் தையல் மிஷினின் இரும்பு மிதிப்பலகைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று பெரியவன் போன் செய்தான். நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பாப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

எந்தக் கடை என்று நான் கேட்கப்போவதில்லை. நீயும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. 2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கு அந்த முத்திரை கட்டாயம். இனி நாம் இரண்டு பேரும் விலையைப் பார்க்கும் முன் அதைப் பார்ப்போம். நல்லபடியாகச் செய்த காந்தப் பலகையும் இருக்கிறது, ஓரங்களை உருக்கி ஒட்டி ரிவெட்டும் அடித்திருப்பார்கள். ஆனால் சின்னவன் வாயில் போடுவதை நிறுத்தும்வரை இந்த வீட்டுக்குள் காந்தம் வராது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் இன்னொன்றையும் யோசித்தேன். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பெட்டி பாப்பாவுக்கு ஏற்றதுதானா? பத்து நாளும் கவனித்தேனே. கட்டுவாள், இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடுவாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒட்டிக்குது, ஆனா எதுவும் சுத்த மாட்டேங்குது" என்றாள். இந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

போன மாதம் மிஷினை மிதித்தால் சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவே இல்லை. கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பார்த்தால் கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள திருகை இவள் தளர்த்திவிட்டிருக்கிறாள். பாபினில் நூல் சுற்றும்போது நான் செய்வதைப் பார்த்து வைத்திருக்கிறாள்! இறுக்கினால் ஊசி ஓடும், தளர்த்தினால் ஓடாது என்று எனக்கே பாடம் எடுத்தாள். நாலு வயது எட்டு மாதம், சரசு. இந்தப் பிள்ளைக்குப் பளபளவென்று ஒட்டி நிற்கும் மாளிகை எதற்கு? திருகுவது, கழற்றுவது, சுழல்வது, இடிந்தால் ஏன் இடிந்தது என்று கண்ணுக்குத் தெரிவது, இதெல்லாம் அல்லவா வேண்டும்.

பெங்களூர்ப் பேரனுக்கு என்ன வாங்கலாம் என்று நீயும் கேட்டிருந்தாய். அதற்காகவும்தான் இந்த இரண்டு மாதமாக நான் அலைந்தது. பெட்டிமேல் "இத்தனை துண்டு" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. லெகோ கட்டை தெரியுமல்லவா, டென்மார்க்கில் 1958இல் காப்புரிமை எடுத்தது. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டை ஆறே ஆறு இருந்தால் போதும், 91 கோடிக்கும் மேலான விதத்தில் பொருத்தலாம். எனவே துண்டின் எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. ஒரே மாதிரித் துண்டு நிறைய இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு வண்டியை மட்டுமே செய்ய முடிகிற பெட்டி ஒரு நாளில் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, எது துண்டுகளைச் சேர்க்கிறது, அதற்கு அந்த விரலில் வலு இருக்கிறதா என்று பார். நான் மிகவும் ஆசைப்பட்டது இரும்புப் பட்டையும் திருகுமாக வரும் செட்டுக்குத்தான். உன் பேரனுக்கு அதையே வாங்கு, ஏழு வயதுக்கு அது சரி. மெக்கானிக்ஸ் என்று நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது. இதற்கெல்லாம் மூலம் மெக்கானோ. லிவர்பூலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பிராங்க் ஹார்ன்பி தன் பையன்களுக்காகத் தகரப் பட்டையை வெட்டி, அரை அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போட்டு உண்டாக்கியது. 1901இல் காப்புரிமை வாங்கினார், 1907இல்தான் அந்தப் பெயர் வைத்தார். ஓட்டைகள் ஒரே இடைவெளியில் இருப்பதால் எந்தப் பட்டையும் எந்தப் பட்டையோடும் சேரும். கடையில் அதைக் கையில் எடுத்ததும் எனக்கு அப்பாவின் தறிதான் நினைவு வந்தது. புடவையில் உருவம் நெய்யும் ஜக்கார்டு பெட்டிக்கு நாம் அட்டை குத்துவோமே, ஓட்டை ஒரு வரி தள்ளிப் போனால் புடவையில் மயில் கழுத்து ஒடிந்துவிடும், அப்பா கையால் ஒன்று வைப்பார். நீ குத்தின மயிலுக்கு மூன்று கால் வந்ததை நான் இன்னும் பாப்பாவிடம் சொல்லவில்லை. சொல்வேன்.

ஆனால் பாப்பாவுக்கு இரும்புத் திருகு இப்போது வேண்டாம் என்று முடிவு செய்தேன். கடைக்காரரைக் கேட்டு ஒன்றைப் பிரித்து அவள் கையில் கொடுத்துப் பார்த்தேன். நட்டைப் பிடித்துக்கொண்டு திருப்புளியையும் திருப்ப அவளுக்கு மூன்றாவது கை வேண்டியிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றாள், கண்ணில் நீர் கோத்துவிட்டது. வீட்டிலோ சின்னவன். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான சாமானைச் சோதிக்க ஒரு உருளை வைத்திருக்கிறார்கள், விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்கும் துண்டு ஆகாது, தொண்டையை அடைத்துவிடும். பெரியவனிடம் சொல்லிப் பட்டறையில் ஒரு கட்டையில் 32 மில்லிமீட்டர் துளை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். புதிதாக எது வந்தாலும் அதில் போட்டுப் பார்ப்பேன். நட்டு எல்லாம் உள்ளே விழுந்து தொலைந்துபோகிறது. அந்தத் துளைக்குள் போகாத அளவுக்குப் பருமனான பிளாஸ்டிக் திருகும் நட்டும், சக்கரமும், ஸ்பேனருமாக ஒரு செட் கடைசியில் கிடைத்தது. ஸ்பேனரை வாங்கிய நாளிலிருந்து தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறாள். லெகோ கம்பெனியே சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யும் டூப்ளோவையும் பார்த்தேன். லெகோவைப்போல் நீளம், அகலம், உயரம் எல்லாம் இரண்டு மடங்கு, 1969இல் வந்தது, பின்னால் சின்னக் கட்டை வாங்கினாலும் அதன்மேல் பொருந்தும். நல்ல சாமான்தான், விலைதான் கையைச் சுட்டது. சின்னவன் பிறந்த நாளுக்கு வாங்கித் தருவதானால் தடுக்க மாட்டேன்!

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த காலத்தில் அரவிந்த் குப்தா செய்முறையில் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்துப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவேன். ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, குப்பையிலிருந்து விளையாட்டுச் சாமான் செய்வதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட மனிதர். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டு, டியூபைச் சின்னதாக நறுக்கி இரண்டு முனையிலும் செருகினால் மூட்டு ஆகிவிடும். சின்னவன் தூங்கும் நேரத்தில் மேஜைமேல் மட்டும் செய்கிறோம். பாப்பா ஒரு சதுரம் செய்தாள், அழுத்தியதும் சாய்ந்தது. முக்கோணம் செய்தாள், எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. மறுநாள் மேட்டூர் போகும் பஸ்ஸில் கரண்டுக் கோபுரத்தைப் பார்த்துக் கத்தினாள்: "பாட்டி, எல்லாமே முக்கோணம்!" பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாக, நிஜமாக எனக்குப் பிடித்தது. நம் தெருக்கோடி ஆசாரியிடம் மரக்கட்டை செய்யச் சொன்னேன். நியூயார்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை நூறு வருடத்துக்கு முன்பு வகுத்த அளவு: ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கனம் வரும், அகலம் அதன் இரண்டு மடங்கு, நீளம் நாலு மடங்கு. நான் அங்குலத்தில் சொல்லித் தடுமாறினேன். ஆசாரி தாளை வாங்கிப் பார்த்து, "என்னங்க டீச்சர், கனம் பதினொரு நூல், அகலம் இருபத்திரண்டு, நீளம் நாப்பத்திநாலு, அவ்வளவுதானே" என்று அடிக்கோலைக் கையில் எடுத்துவிட்டார். அங்குலத்துக்கு எட்டு நூல் என்பதால் கணக்கு எவ்வளவு அழகாக உட்கார்ந்துவிட்டது பார். பதினொரு நூல் என்றால் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. கதவு செய்து மிஞ்சிய வேம்பு. முழுக்கட்டை அறுபது, அதில் பாதி முப்பது, இரட்டை நீளம் இருபது, சில பலகைகள். பெயின்ட் வேண்டாம் என்றேன், முனையை மட்டும் மழுக்கி உப்புத்தாள் போட்டுக் கொடுத்தார். அளவு பிசகாமல் இருக்கிறது. இரண்டு பாதியைச் சேர்த்தால் ஒரு முழுசு, மயிரிழை இடைவெளி இல்லை.

ஒட்டாது, கொக்கி இல்லை, எதுவும் இல்லை. எடை சரியாக உட்கார்ந்தால் நிற்கும், இல்லையென்றால் விழும். விழுந்தால் பாப்பா கோபித்துக்கொள்வதில்லை, எந்தக் கட்டை முதலில் நகர்ந்தது என்று குனிந்து பார்க்கிறாள்.

இப்போது கூடத்தில் நடக்க இடமில்லை. உன் வீட்டுக்கு ரோடு போடுகிறாள். முதலில் பலகையை நேராகச் சாய்த்து வைத்துப் பெரிய திருகு செட்டில் செய்த வண்டியை விட்டாள். அது பாய்ந்து போய்ச் சுவரில் மோதியது. மேலே ஏற்றினால் வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்று நாள் இதே வேலை. நாலாம் நாள் தானாகவே பலகையை மடக்கி மடக்கிப் படுக்க வைத்தாள், வண்டி மெதுவாக இறங்கியது. என்னைக் கூப்பிட்டு, "சரசு பாட்டி வீட்டு ரோடு இதுக்குத்தான் வளைஞ்சு வளைஞ்சு போகுதா?" என்றாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, சரசு, சத்தியமாக.

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு என்று பெரியவன் சொல்லிவிட்டான். மூன்றாவது வளைவிலேயே கட்டை தீர்ந்துவிட்டது. ஆசாரியிடம் இன்னும் நாற்பது சொல்லியிருக்கிறேன், தீபாவளிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ தீபாவளிக்கு முந்தின வாரம் கிளம்பி வா. கையில் ஒன்றும் வாங்கி வர வேண்டாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டு வா, எந்த வளைவு ரொம்பச் செங்குத்து என்று குறித்துக்கொள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் அதைத்தான் கேட்கப்போகிறாள்.

உன்,
மணி