அம்மாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி

எங்கள் அன்பியத்து (பங்கின் சிறு செபக்குழு) உறவுகள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் அம்மா இறைவனடி சேர்ந்து வரும் ஞாயிறோடு ஓராண்டு நிறைவதால், அன்று காலைத் தமிழ்த் திருப்பலியை அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கிறோம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 அன்று பெங்களூரு சிவாஜிநகர் தூய மரியன்னைப் பேராலயத்தில் திருவிழாக் கொடியேறியதும் அம்மா காவிப் புடவைக்கு மாறி, செப்டம்பர் 8 தேர் முடியும்வரை ஒருவேளை உணவோடு நவநாள் (ஒன்பது நாள்) செபத்துக்கு நடந்தே போவார். முழங்கால் வலியை யாராவது நினைவூட்டினால், பதிலுக்குச் செபமாலையைத்தான் கையில் எடுப்பார். அதன் 53 சிறுமணிகளில் பாதி, விரல் பட்டுப் பட்டே நிறம் போய்விட்டது. அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்துப் பிள்ளையின் தேர்வுக்கும் செபித்தவர் என்பதால், அவர்களும் வருகிறார்கள். பூமாலை வேண்டாம் (அம்மாவுக்கு அது வீண்செலவு). அந்தப் பணத்தைக் கோவில் உண்டியலில் இடுங்கள். திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்தில் அருட்தந்தை கல்லறையை மந்திரித்தபின், எங்கள் வீட்டில் காலை உணவு உண்டு.