முதல் நிரலாக்கப் பாடத்தை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். முதலாண்டு நிரலாக்க அறிமுகப் பாடத்தில் ஒரு மாற்றம் வேண்டி இதை எழுதுகிறோம். முதல் மூன்று வாரங்களுக்கு மாணவர்களைப் புதிதாக நிரல் எழுதச் சொல்லாதீர்கள். எழுதப்பட்ட நிரலைப் படிக்கச் சொல்லுங்கள். தாளில் வரிவரியாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாணவர்கள் லூப்பில்தான் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் அமைப்பு) தடுமாறுகிறார்கள் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் கோளாறு அதற்கு வெகு முன்பே, மாறிக்கு (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்) மதிப்பு கொடுக்கும் வரியிலேயே தொடங்கிவிடுகிறது. இந்த மூன்று வரிகளைக் கொடுத்துப் பாருங்கள்: அ = 7, ஆ = அ, அ = அ + 1. இப்போது ஆ எவ்வளவு? 8 என்று எழுதும் மாணவர் சமக்குறியைக் கணிதச் சமன்பாடாகவே படிக்கிறார். வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, வந்த மதிப்பை இடப்பக்கப் பெயரில் வைக்கச் சொல்லும் கட்டளை அது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அவர்தான் அ = ஆ, ஆ = அ என்று எழுதி இரண்டு மதிப்புகளையும் இடம் மாற்றிவிட்டதாக நம்புவார். இரண்டு மாறிகளிலும் ஒரே மதிப்பு நிற்கும். பழைய அ அழிந்திருக்கும். இந்த அடித்தளத்தின் மேல் லூப்பை வைத்தால் எப்படி நிற்கும்?

2001இல் கணினிக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையிலான குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் அறிமுகப் பாடம் படித்த 216 மாணவர்களுக்கு நிரல் எழுதும் தேர்வு வைத்தது. கிடைத்த சராசரி 110க்கு 22.89. 2004இல் ரேமண்ட் லிஸ்டர் குழு எழுதச் சொல்லாமல், சிறு நிரலைப் படித்து விடை தேர்ந்தெடுக்க மட்டும் கேட்டது. அதிலும் கணிசமானோர் திணறினார்கள். படிக்கவே வராதவரிடம் எழுதச் சொல்லிக் கேட்பது அவருக்குச் செய்யும் அநீதி.

முதல் வாரத்தில் ஐந்து முதல் எட்டு வரி கொண்ட நிரல்கள் போதும். மாறிக்கு ஒரு நெடுவரிசை, திரையில் வருவதற்கு ஒரு நெடுவரிசை, ஓடும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை என்று அட்டவணை போடச் சொல்லுங்கள். விடையை எழுதி முடித்த பிறகுதான் கணினியைத் தொட வேண்டும். பைத்தான் மொழியில் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 10) 9உடன் நின்றுவிடும் என்பதைப் பத்து முறை சொல்வதைவிட, அட்டவணையில் 10க்கான வரிசை வராமல் போவதைக் கண்ணால் பார்ப்பது ஆழமாகப் பதியும்.

இரண்டாம் வாரம் பிழைகளுக்கு. ஓடும் நிரலில் ஓர் அடைப்புக்குறியை நீக்கிவிட்டு என்ன செய்தி வருகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். பைத்தானின் பழைய பதிப்புகள் பெரும்பாலும் அடுத்த வரியில் தவறு என்று காட்டும், 3.10 பதிப்பு முதல் எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்றே சொல்லும். பைத்தானில் பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். சி மொழியின் கம்பைலரிலோ (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) முதல் பிழையைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். கீழே இருப்பவற்றில் பல அதன் விளைவாகவே வந்தவை. இந்தச் சின்னப் பழக்கம் தெரியாமல் நாற்பது பிழைகளைப் பார்த்து மிரண்டு பாடத்தையே வெறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

செய்தியே காட்டாத பிழைகள்தான் இன்னும் ஆபத்தானவை. அவற்றுக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். பைத்தானில் விசைப்பலகையிலிருந்து 5, 7 என்று வாங்கிக் கூட்டினால் 57 வரும், ஏனென்றால் வந்தவை எண்கள் அல்ல, எழுத்துச் சரங்கள். சி மொழியில் வெப்பநிலை மாற்றும் சூத்திரத்தை 5/9 என்று தொடங்கினால் எப்போதும் 0தான் வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் வெட்டப்படும், 5.0/9 என்று எழுத வேண்டும். 32 பிட் (இரும இலக்கம்) அளவுள்ள முழு எண்ணில் 12இன் தொடர்பெருக்கம், அதாவது 1 முதல் 12 வரை பெருக்கினால் கிடைக்கும் 479001600, சரியாக வரும். 13க்கு வர வேண்டியது 6227020800. அது அந்த அளவில் அடங்காததால் வழக்கமாகத் திரையில் தெரிவதோ 1932053504. பார்வைக்கு நம்பும்படி இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

மூன்றாம் வாரத்தில், சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். டேல் பார்சன்ஸும் பாட்ரிசியா ஹேடனும் 2006இல் முன்வைத்த பயிற்சி முறை இது. எழுத்துப்பிழைக் கவலை இல்லாமல் வரிசையை மட்டும் யோசிக்க வைக்கும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். கணினித் தலைமுறைகளின் வரலாறும் திரையில் மதிப்புகளை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் வடிவக் குறியீடுகளின் முழுப் பட்டியலும் முதல் பாடத்தில் இருக்கத் தேவையில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. அவற்றை எடுத்தாலே பெரும்பகுதி நேரம் கிடைக்கும்.

தேர்வும் மாற வேண்டும். "நிரல் எழுதுக" என்று மட்டும் கேட்டால் மனப்பாடம்தான் வரும். மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கையாவது, பார்த்திராத நிரலின் விளைவைச் சொல்வதற்கும் பிழையைக் கண்டுபிடித்துக் காரணம் எழுதுவதற்கும் கொடுங்கள். லேபில் உதவ வருபவர் மாணவரின் விசைப்பலகையைத் தொடக் கூடாது, "இந்த வரி ஓடியதும் இந்த மாறியில் என்ன இருக்கும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

முழுப் பாடத்தையும் ஒரேயடியாக மாற்றத் தயக்கம் இருந்தால், அடுத்த பருவத்தில் ஒரு பிரிவில் மட்டும் இப்படி நடத்துங்கள். பருவ இறுதியில் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள்