திரைச்சீலைக்கும் பேனருக்கும் கோப்பைக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தேவைப்படும் குடும்பங்களுக்குக் கொடுக்க நாங்கள் நன்கொடைப் பொருள்கள் சேகரிக்கும் இடத்தில், மூடப்பட்ட விடுதி ஒன்றிலிருந்து வேன் நிறைய திரைச்சீலைகள் வந்து இறங்கியபோது, உண்மையைச் சொன்னால், எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். நாங்கள் கேட்டது போர்வை. வந்ததோ வெளிச்சத்தை மறைக்கப் பூச்சுப் பூசிய முரட்டுத் துணி. உடுத்தவும் ஆகாது, போர்த்தவும் ஆகாது. மூலையில் அடுக்கிவிட்டோம்.

அதைப் பிரித்துப் பார்த்தவர் உதவி கேட்டு வந்த ஓர் அக்கா. ஒற்றை அறை வீடு, கணவருக்கு இரவு வேலை. அவர் பகலில் தூங்குவதற்காக ஜன்னலைச் சாத்திவிடுவார்களாம். பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்து படிப்பார்களாம். "இதில் ஒன்று கொடுங்களேன், குறுக்கே கட்டிக்கொள்கிறேன்" என்றார். இப்போது அந்த அறையில் ஒரு பக்கம் இருட்டு, மறுபக்கம் விளக்கடியில் வீட்டுப்பாடம். அப்புறம் தகரக் கூரை வீட்டுக்காரர்கள் வந்தார்கள். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டினால் அனல் நேராகத் தலையில் இறங்குவதில்லை. விடுதிக்காரருக்கு நன்றி, எரிச்சல்பட்டதற்கு மன்னிப்பும்.

ஃபிளெக்ஸ் பேனர்கள் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி. பாலியஸ்டர் வலைமேல் பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசிய பொருள் அது, தண்ணீர் இறங்காது. ஆனால் ஊசித் துளை வழியே கசியும் என்பதை முதல் பள்ளிப்பையிலேயே கண்டுபிடித்த தையல்கார அண்ணன், அடிப்பக்கத்தில் தையலே வராதபடி ஒரே துண்டாக மடித்துத் தைத்தார். அந்த முதல் பையில் யாரோ ஒருவரின் பாதி மீசை! பிள்ளைகள் சிரித்த சிரிப்பில், அச்சடித்த பக்கம் உள்ளே போய்விட்டது. 1930களில் அமெரிக்க ஏழைத் தாய்மார்கள் மாவு மூட்டைத் துணியில் சட்டை தைப்பதைப் பார்த்து, ஆலைக்காரர்கள் மூட்டையிலேயே பூப்போட்டு அச்சடித்தார்கள். நம் அச்சகத்தாரும் அந்த ரகம்: இப்போது அச்சுப்படாத ஓரத் துண்டுகளைத் தனியாக எடுத்துவைக்கிறார். வாங்கிப்போனவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுப்பருகே வேண்டாம், கிழிந்தாலும் எரிக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு.

விளையாட்டில் வென்ற கோப்பைகளை மூட்டையாகக் கொண்டுவந்த பெரியவர், கையோடு திருப்புளியும் கொண்டுவந்திருந்தார். பெயர்த் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கோப்பைகளை மட்டும் தந்துவிட்டுப் போனார். மாலை வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் இப்போது அதில். ஐயா, ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்.

ஈரத்தோடு கட்டிய கிழிசல் துணி மூட்டையை இரவோடிரவாக வாசலில் வைத்துவிட்டுப் போனவருக்கு மட்டும் நன்றி சொல்ல மனம் வரவில்லை.

எங்களுக்குத் தோன்றாததையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள் பொருளை வாங்க வந்த குடும்பத்தார்தான். அதனால் இனி வண்டி வந்ததும் முதலில் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். திரைச்சீலை வளையங்கள் இன்னும் ஒரு சாக்கு மீதம் இருக்கிறது. அந்த அக்காவே யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தன்னார்வலர்கள்