சோலாரும் மரத்து நிழலும்

ஆசிரியருக்கு வணக்கம். சோலார் பேனல் போட்டால் லாபமா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். மாலை மூன்று மணிக்கு மேல் பக்கத்து வீட்டு மரத்தின் நிழல் எங்கள் பேனல் ஒன்றின் ஓரத்தில் விழும். பேனல்களை ஒன்றோடொன்று தொடராக இணைத்திருப்பதால் அந்த வரிசை முழுவதின் உற்பத்தியே சரிந்துவிடுகிறது. பொருத்த வந்தவர் மாடி ஏறிப் பார்த்தது காலை பத்து மணிக்கு.

அப்புறம், பகலில் வீடு பூட்டிக் கிடந்தால் பேனல் தரும் மின்சாரம் வெளியே, மின்வாரியத்தின் கம்பிக்குப் போய்விடும். பல இடங்களில் அதற்குத் தரும் விலை, இரவில் நாம் வாங்கும் விலையைவிடக் குறைவு. துணி துவைப்பதையும் ஹீட்டர் போடுவதையும் நண்பகலுக்கு மாற்றிய பிறகுதான் எங்கள் கட்டணம் உருப்படியாகக் குறைந்தது.

பேனல் 25 ஆண்டு உழைக்கும், சரி. ஆனால் பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரை 10, 15 ஆண்டில் மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

– ஒரு வாசகர்