முதலில் தெள்ளு, பிறகுதான் எலி

ஆசிரியருக்கு,

1994 சூரத் பிளேக் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் குப்பை, பீதி, டெட்ராசைக்ளின் மாத்திரைத் தட்டுப்பாடு எல்லாம் இருந்தன. நோயை எலியிடமிருந்து மனிதருக்குக் கொண்டுவரும் எலித்தெள்ளு மட்டும் விடுபட்டுப்போனது. இப்போது இங்கே பிளேக் இல்லைதான். ஆனால் துறைமுகம், ஜார்ஜ் டவுன் மளிகைக் கிடங்குகள், பக்கிங்காம் கால்வாய்க் கரைப் பெருச்சாளி வளைகள் என்று இருக்கும் வட சென்னைக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

எலிகள் கொத்தாகச் செத்து விழுந்தால் நம் ஆட்கள் உடனே எலி மருந்து வைப்பார்கள். பிளேக் சந்தேகம் இருக்கும்போது இதைவிட வினை வேறில்லை. எலியின் உடம்பு சில்லிட்டதும் தெள்ளு இறங்கி அடுத்த சூடான உடம்பைத் தேடும். எலிகள் மொத்தமாகச் செத்தால் மிஞ்சுவது நாம்தான். ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி விஷம் ஒரே ராத்திரியில் வேலையை முடிப்பதால் இன்னும் மோசம்.

முதலில் தூள் தூவ வேண்டும். சாயங்காலம் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்துவிட்டு, காலையில் எது திறந்திருக்கிறதோ அதற்குள் மட்டும் பூச்சிக்கொல்லித் தூளை அடித்தால் போதும். கிடங்குச் சுவரோரம் பிசுக்கேறிக் கறுத்த கோடு தெரியும், அதுதான் எலித்தடம். அங்கே ஒரு சாண் அகலத்துக்குத் தூவினால், மயிரில் ஒட்டிய தூளை எலியே வளைக்குள் கொண்டுபோகும். கழுவிவிட்ட ஈரத்தரையில் தூவினால் கட்டி தட்டி வீணாகும். மடகாஸ்கரில் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிக்கே தெள்ளு சாகாத இடங்கள் உண்டு. எனவே எந்தத் தூள் என்பதைப் பூச்சியியல் பிரிவு உள்ளூர்த் தெள்ளில் சோதித்துச் சொல்லட்டும்.

சில நாள் கழித்துப் பொறி வைத்துப் பிடித்து, எலி மயிரைச் சீப்பால் வாரித் தெள்ளை எண்ண வேண்டும். எலி ஒன்றுக்குச் சராசரியாக ஒரு தெள்ளுக்கும் கீழே வந்த பிறகே விஷத்தைத் தொடலாம். செத்த எலியைத் துடைப்பத்தால் தள்ளிக் கால்வாயில் போடாதீர்கள். மேலே பூச்சிமருந்து அடித்து, இடுக்கியால் எடுத்து இரட்டைப் பையில் கட்டி வைத்துவிட்டு மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு அது தேவைப்படும்.

நுரையீரல் பிளேக்குக்குத் தெள்ளே வேண்டாம், இருமல் போதும். 2017-இல் மடகாஸ்கரில் சந்தேக நோயாளிகளையும் சேர்த்து 2,417 பேருக்கு நோய் கண்டு 209 பேர் இறந்தார்கள். முக்கால்வாசி இந்த வகைதான். காய்ச்சலோடு ரத்தச் சளி வந்தால் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியாக வேண்டும். நோயாளிக்கு ஆறடிக்குள் இருந்த பெரியவர்களுக்குத் தடுப்பு மருந்தாக, மருத்துவர் சொன்னபடி, டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் இருவேளை, 7 நாள். மழைக்கால எலிக்காய்ச்சலுக்கு வாரம் ஒருமுறை தரும் 200 மி.கி.யோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. தெரு முழுக்க வாங்கி விழுங்கினால் சூரத் மருந்துக்கடைகள் காலியான கதைதான்.

வளைக் கணக்கெடுப்பை மாநகராட்சி வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிக்க வேண்டும். மழையில் தூள் நிற்காது. கரை வளைகளில் தண்ணீர் ஏறினால் பெருச்சாளிகள் வீடுகளுக்குள் வந்துவிடும்.

– ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை